பாக்கெட்ல ஆர்கானிக்னு ஒரு வார்த்தை போட நாங்க பட்ட பாடு

எங்க ஊரு கோபி பக்கமுங்க. வீட்லயே சத்துமாவு பண்ணி விக்கிறோம், நான், அத்தை, அவரு, லீவு நாள்ல பையனும் சேந்துக்குவான். கேழ்வரகும் கம்பும் எங்க ரெண்டு ஏக்கர்ல வெளயறது, பச்சைப்பயறு பக்கத்து தோட்டத்துல வாங்கறது. மொளகட்டி காய வெச்சா அத்தை நாலு மணியைப் பல்லுல கடிச்சுப் பாப்பாங்க, நறுக்குனு ஒடஞ்சாத்தான் மில்லுக்கு. அதுவும் காலைல மொத ஆளா போயிடணும், முன்னாடி யாராச்சும் மொளகா அரைச்சிருந்தா நம்ம மாவு போச்சு.

சாப்பாட்டுப் பொருள் விக்கறதுக்கு வேண்டிய அரசாங்கப் பதிவு, எஃப்எஸ்எஸ்ஏஐ, அத எடுக்கறது ரொம்ப கஷ்டம்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க, ஒருத்தர் 3000 குடுங்க முடிச்சுத் தர்றேன்னாரு. கடைசில பார்த்தா, விற்பனை வருஷம் 12 லட்சத்துக்குள்ள இருந்ததால பேசிக் ரிஜிஸ்ட்ரேஷனே போதும்னு நானே ராத்திரி உக்காந்து ஃபோஸ்கோஸ்ங்கற அவங்க வெப்சைட்ல போட்டேன், அப்ப ஃபீஸ் வருஷத்துக்கு 100 ரூபா. 14 இலக்க நம்பர் வந்துச்சு.

அந்தத் தெம்புல 2000 பவுச் அடிச்சுட்டேன், பச்சைக் கலர்ல பெருசா "ஆர்கானிக் சத்துமாவு"ன்னு. ஈரோட்ல ஒரு கடைக்காரர் திருப்பிப் பார்த்துட்டு சர்ட்டிபிகேட் எங்கம்மான்னாரு. ஆறு வருஷமா உரம் மருந்து எதுவும் போடலீங்கன்னேன். அது உங்களுக்குத் தெரியும், வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும்னு பொட்டிய அப்படியே தள்ளி வெச்சுட்டாரு. கோவம் வந்துச்சு, ஆனா அவரு சொன்னது சரிதான். 2017ல வந்த விதிப்படி கடைல வெச்சு ஆர்கானிக்னு விக்கணும்னா வெளி ஏஜென்சி வந்து பாத்துக் குடுக்கற என்பிஓபி சான்று, இல்லேன்னா விவசாயிங்களே குழுவா சேந்து வாங்கற பிஜிஎஸ் சான்று வேணும்.

பிஜிஎஸ்க்கு கொறஞ்சது அஞ்சு விவசாயிங்க ஒரு குழுவா சேரணும், ஒருத்தர் தோட்டத்த ஒருத்தர் வந்து பார்ப்பாங்க. கேழ்வரகுக்கு மட்டும் சான்று வாங்கி பிரயோஜனமில்ல, பயறும் அதே மாவுலதானே போகுது, அதனால பயறு குடுக்கற அண்ணன் கால்ல விழாத கொறையா அவரையும் சேர்த்தோம். எங்க தோட்டத்துக்கு வந்தப்ப ஒரே மானக்கேடு, அத்தை எப்பவோ எடுத்து வெச்ச பழைய மருந்து கேனை அறுத்து செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தாங்க, ஒரு அக்கா மொதல்ல அதத்தான் கைல எடுத்தாங்க. அப்புறம் பக்கத்து வாழைக்கு அடிக்கற மருந்து காத்துல வருமேன்னு வரப்போரம் அகத்தி நடச் சொன்னாங்க. ஆறு வருஷம்னு வாயில சொன்னோமே தவிர எழுதி வெச்ச கணக்கு ஒண்ணுமில்ல, அதனால எடுத்ததும் கெடச்சது பிஜிஎஸ் கிரீன்தான், அப்படின்னா மாறிட்டிருக்கற தோட்டம்னு அர்த்தம். இப்ப என்னிக்கு எரு கொட்டுனோம், விதை எங்க வாங்குனோம்னு எல்லாம் அவரு ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதறாரு, எழுத்துதான் அவருக்கே புரியறதில்ல.

முழுச் சான்று இன்னும் வரல, அதனால இப்ப லேபிள்ல "மொளகட்டின சத்துமாவு"ன்னு மட்டுந்தான் போட்டிருக்கு. அந்த 2000 பவுச்சா? அத்தை வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கெல்லாம் அதுலதான் வத்தலும் வடகமும் கட்டிக் குடுக்கறாங்க, இன்னும் பாதி கூட தீரல.