கோர்ட்டுக்கு உள்ளேயிருந்து வரும் அழுத்தம்: சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதுபவர்களுக்கு

நீதித்துறைச் சுதந்திரம் பற்றிக் கேட்டால் பெரும்பாலானோர் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும் அரசியலமைப்பின் ஆர்ட்டிகிள் 50-ஐ எழுதி, அரசு தலையிடக் கூடாது என்று முடித்துவிடுகிறார்கள். அதோடு நிறுத்தாதீர்கள். நாளைக்கு மேலூரிலோ உசிலம்பட்டியிலோ நீங்கள் முன்சீப்பாக (கீழ்நிலை சிவில் நீதிபதியாக) உட்காரும்போது, மேலே இருக்கும் நீதிபதி என்ன நினைப்பாரோ என்ற பயமும் கூடவே வரும்.

மதுரை புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஜூனியர்கள் சிலர் சேர்ந்து படித்தோம். இந்தத் தலைப்பில் அதிக நேரம் ஆர்ட்டிகிள் 235-க்குத்தான் போனது. மாவட்ட நீதிபதிக்குக் கீழுள்ளவர்களின் பணியிடம், பதவி உயர்வு, விடுப்பு ஆகியவை அரசிடம் இல்லாமல் உயர் நீதிமன்றத்திடம் இருப்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதே அதிகாரம் நீதிபதியின் பணியை மதிப்பிடும் ரகசிய அறிக்கை, இடமாற்றம் வழியாக அழுத்தமாகவும் மாறலாம். விடையில் இரண்டையும் எழுதுங்கள். கூடவே 1988-இல் வந்த ஈஸ்வர் சந்த் ஜெயின் தீர்ப்பு கட்டாயம் வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருந்த நீதிபதி ஒருவரை வழக்கறிஞர்களின் புகாரை வைத்துப் பணியிலிருந்து நீக்கியதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நேர்மையான நீதிபதிகளுக்கு வழிகாட்டிக் காப்பாற்றுவது உயர் நீதிமன்றத்தின் கடமை என்றும் சொன்னது.

நாங்கள் எழுதிப் பார்த்த கேள்வி இது: நிலுவையில் உள்ள தடை மனுவில் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று மாவட்ட நீதிபதி போனில் சொன்னால் என்ன செய்வீர்கள்? உத்தரவு தவறென்றால் மேல்முறையீடு இருக்கிறது, சீராய்வு இருக்கிறது, கீழ்க் கோர்ட்டுகளை உயர் நீதிமன்றம் மேற்பார்வையிடும் ஆர்ட்டிகிள் 227 இருக்கிறது. அங்கே இரு தரப்பும் பேசலாம், காரணம் எழுத்தில் வரும். போனில் இது எதுவும் கிடையாது. சக நீதிபதிகளிடமிருந்தும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்ற 2002 பெங்களூரு நீதிபதிகள் நடத்தைக் கோட்பாடுகளை இங்கே சேர்த்துவிடுங்கள். மனுவை ஆவணங்களின்படியே முடித்துவிட்டு, நடந்ததை உயர் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிப்பேன் என்பதுதான் என் விடை.

சிலர் இந்த இடத்தில் 1850, 1985 நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டங்களை எழுதுவார்கள். அவை நீதிபதி மீது வழக்குப் போடுவதைத் தடுப்பவை. உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு அவை பதிலாகாது. வழக்கு ஒதுக்கீடு பற்றி உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள் 2018 ஜனவரியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்ததையும், அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் ரோஸ்டரை (எந்த வகை வழக்கு எந்த நீதிபதிக்கு என்ற பட்டியலை) வெளியிட்டதையும் இரண்டு வரியில் தொட்டால் போதும்.

அப்புறம், நேரம் கிடைத்தால் ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் சிவில் சீராய்வு மனுக்கள் நடக்கும் ஹாலில் உட்காருங்கள். கீழ்க் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பும் உத்தரவைக் கவனியுங்கள். எதை விசாரிக்காமல் விட்டார்கள், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று இருக்கும். யாருக்குச் சாதகமாக முடிக்க வேண்டும் என்று இருக்காது.