டர்பனில் ஜீனோம் வாசிப்பு: எச்சில் குழாய் முதல் 70 ஜிபி கோப்பு வரை

2001-இல் ஒரு மனித ஜீனோமை, அதாவது ஒருவரின் முழு டிஎன்ஏவை, வாசிக்கச் சுமார் 9.5 கோடி டாலர் ஆனது. 2014-இல் வாசிப்புக் கருவி செய்யும் இல்லுமினா நிறுவனம் 1000 டாலர் என்றது. 2022-இல் அதே நிறுவனம் புதுக் கருவியோடு 200 டாலருக்கு இறங்கியது. அந்த 200 ஆய்வகக் கணக்கு. டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருந்து வாங்குகிறவருக்கு ராண்ட் மாற்று, கூரியர் எல்லாம் அதன்மேல் ஏறும்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: சிப் சோதனையா, முழு வாசிப்பா? சிப் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கும். முழு வாசிப்பு என்றால் சுமார் 310 கோடி எழுத்துகள். அதிலும் 30 மடங்கு ஆழம், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 முறை வாசிப்பது, வேண்டும். ஒரு மடங்கு மலிவுதான், வம்சாவளிக்குப் போதும், நோய் தேட உதவாது. வம்சாவளியிலும் 'தென்னிந்தியா' என்று வருமே தவிர ஊர் பெயர் வராது. 1860-இல் வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் பதிவேடுகளில்தான் ஊர் பெயரைத் தேட வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது, டிஎன்ஏவுக்காகக் குழாயில் அனுப்பும் எச்சிலில். அரைமணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு, டீ, சிகரெட் எல்லாம் நிறுத்த வேண்டும். வெற்றிலை போடும் ஆயாவுக்கு இதுதான் கஷ்டம். குழாயில் கோடு வரை, வழக்கமாக 2 மில்லி, நுரையைச் சேர்க்காமல் நிரம்ப வேண்டும். மூடியை இறுக்கினால் அதிலுள்ள பாதுகாப்புத் திரவம் இறங்கும். உடனே பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். கலக்காவிட்டால் டிஎன்ஏ சிதையும், பாக்டீரியா பெருகும். காசு கொடுத்துப் பாக்டீரியாவை வாசித்ததாக முடியும்.

முடிவு வந்ததும் பிடிஎஃப் அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். மூலக் கோப்பான ஃபாஸ்ட்க்யூ 60, 70 ஜிபி வரும். 20 எம்பிபிஎஸ் இணைப்பில் எட்டு மணி நேரம். நடுவில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் முதலிலிருந்து தொடங்காமல், விட்ட இடத்தில் தொடரும் தரவிறக்கியைப் பயன்படுத்துங்கள். கடைசியில், கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. தரவிறக்கும் லிங்க் காலாவதியாகும், தள்ளிப்போட வேண்டாம்.

நம்மவர்கள் தேட வேண்டியதற்கு ஓர் உதாரணம், 11-ஆம் குரோமோசோமில் எம்ஒய்பிபிசி3 ஜீனில் 25 எழுத்து விடுபடுதல். தெற்காசியரில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது, இதயத்தசை நோயோடு தொடர்புடையது. எல்லாச் சிப்பும் இதைப் பார்ப்பதில்லை. வாசித்த துண்டுகளை அதனதன் இடத்தில் அடுக்கிய பேம் கோப்பை, அதைப் படமாகக் காட்டும் ஐஜிவி நிரலில் திறந்தால், அப்பா, அம்மா தந்த இரண்டில் ஒரு பிரதியில் மட்டும் விடுபட்டிருந்தால், ஏறக்குறைய பாதி வரிகளில் கோடிட்ட இடைவெளி தெரியும். கோப்பு அடுக்கப்பட்ட மாதிரி ஜீனோமின் பதிப்பு ஜிஆர்சிஎச்37-ஆ 38-ஆ என்று முதலில் பாருங்கள். பதிப்பு மாறினால் தேடும் இட எண்ணும் மாறும், காலி இடத்தைப் பார்த்து 'இல்லை' என்று நிம்மதியடைவீர்கள். மாற்றங்களின் பட்டியலான விசிஎஃப் கோப்பிலும் இதே கண்ணி: அதில் மாற்றங்கள் மட்டுமே இருக்கும், வாசிக்கப்படாத இடமும் மாற்றமில்லாத இடமும் ஒன்றுபோல் தோன்றும். இரண்டையும் பிரித்துக் காட்டும் ஜிவிசிஎஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

விடுபடுதல் இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் வாசிக்கும் சாங்கர் முறையில் ஒருமுறை உறுதிசெய்துவிட்டு, எக்கோ எனும் இதய ஸ்கேனுக்கு இதய மருத்துவரிடம் போகலாம்.