மூன்றாவது நடைக்கான பணம்

கன்னியாகுமரி மாவட்டத்து மலையோர ஊரான ஆறுகாணிப் பக்கம் இரண்டரை வயதாகியும் பேச்சு வராத ஒரு குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கன்வாடிப் பணியாளர் கவனித்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். அம்மா ரப்பர் பால்வெட்டுக் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறாள். பெரா என்னும் செவித்திறன் சோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பஸ்ஸிலேயே தூங்கி எழுந்த பிள்ளை அங்கே தூங்காது. இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இரண்டாவது நடையில் சோதனை முடிகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி (அறுவைச் சிகிச்சை செய்து காதுக்குள் வைக்கும் கேள்கருவி) பொருத்தலாம் என்கிறார்கள். அதற்குக் காப்பீட்டு அட்டை வேண்டும், அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும், சான்றுக்கு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர். பல குடும்பங்கள் நின்றுபோவது இங்கேதான்.

தொண்டு நிறுவனங்கள் நிதி கேட்டு எழுதும் முன்மொழிவுகளில் இந்தக் குழந்தை முதல் நாளே ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று எண்ணப்பட்டுவிடுகிறது. அந்த எண்ணை வைத்துப் பணம் கொடுத்தால், சீட்டு எழுதிக் கொடுப்பதற்கே பணம் கொடுத்ததாகும். பதிவேட்டில் மூன்று தேதிகள் வேண்டும்: சொன்ன நாள், போன நாள், கிடைத்த நாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எத்தனை நடை என்று பக்கத்தில் ஓர் எண். நிதி தருபவர் முதலில் படிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அது கூடினால், குடும்பங்களை வீடு தேடிப் போகும் களப்பணியாளரைக் குறை சொல்ல வேண்டாம். எந்த அலுவலகத்தில் எந்தத் தாளுக்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று அதைக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஆகவே வரவு செலவுத் திட்டத்தில் பெரும்பங்கு களப்பணியாளரின் நேரத்துக்கும் பயணத்துக்கும் போக வேண்டும். மலையோரத்தில் ஒருவருக்கு 60 குடும்பங்கள், கடலோரத்தில் வீடுகள் நெருக்கம் என்பதால் 80 வரை என்பது எங்கள் கணக்கு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையே என்று நிதி தருபவர்கள் பயணத் தொகையை வெட்டுவார்கள். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் படகிலும் ஜீப்பிலும்தான் போக முடியும் என்பதை அவர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். கூட வரும் அம்மாவின் ஒரு நாள் கூலியையும் ஒரு தலைப்பாகப் போடுங்கள். வாதாடிப் பெற வேண்டிய தலைப்பு அது.

காலமும் முக்கியம். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி போன்ற கடலோர ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். அறுவைச் சிகிச்சைச் சம்மதம், சாதிச் சான்று எல்லாம் ‘அவியொ (வீட்டுக்காரர்) வரட்டும்’ என்று நிற்கும். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்பா வீட்டிலிருக்கும் இந்த 61 நாள்களில் முடியும் வேலை மற்ற பத்து மாதங்களில் முடியாது. ஆனால் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை ஆகஸ்டில் வந்தால் என்ன பயன்? கடலோர ஊர்களுக்கான தவணை மே மாதத்துக்குள் வர வேண்டும். பால்வெட்டுக் குடும்பங்களுக்குக் காலையில் போகாதீர்கள். விடியுமுன் தோட்டத்துக்குப் போனவர்கள் உச்சி கழிந்துதான் வீட்டில் இருப்பார்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பது சிக்கலான கேள்வி. கடலோரத்தில் எந்த வீட்டில் கைக்குழந்தை என்பது அன்பியத்தின் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) தலைவிக்குத் தெரியும். கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குத் தெரியும். இந்தக் குழுக்களில் பலவற்றுக்கு வருமான வரி விலக்குக்கான பதிவோ தணிக்கையாளரோ கிடையாது. முன்பு பெரிய நிறுவனம் வெளிநாட்டு நிதியை வாங்கிச் சிறிய, பதிவுபெற்ற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நிறுத்தியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அதனால் களப்பணியாளர் சம்பளத்தை ‘நிர்வாகம்’ என்ற தலைப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு தேடிப் போவதுதான் திட்டமே என்று பணி விவரத்தோடு திட்டச் செலவில் காட்டுங்கள். உள்நாட்டில் திரட்டிய பணத்தைச் சிறு குழுக்களுக்கென்று ஒதுக்கி, கணக்கு எழுத மாதம் இரண்டு நாள் ஓர் ஆளையும் கூடவே கொடுத்தால் அவர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

கடைசித் தவணையைத் தணிக்கை முடிந்தபின் தருவது வழக்கம். அந்தத் தொகை 20 சதவீதமாக இருந்தால் பிப்ரவரி, மார்ச் சம்பளம் நின்றுபோகும். சேமிப்பில்லாத குழுவில் பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். குடும்பங்களின் எண்கள் அவர் கைபேசியோடு போய்விடும். கடைசித் தவணையைப் பத்து சதவீதத்துக்குள் வையுங்கள். பதிவேட்டின் இரண்டாம் படியை வாரந்தோறும் அலுவலகத்தில் எழுதச் செய்யுங்கள்.

அறிக்கையில் ஒட்டுவதற்குக் குழந்தையின் படமும் ஆதார் நகலும் கேட்காதீர்கள். காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி மாதக்கணக்கில் நடக்கும். அந்த நடைகளுக்கும் இதே வரவு செலவுத் திட்டத்தில் பணம் இருக்க வேண்டும்.