வேதிவினை வகைகள்: வரையறைக்கு முன்னால் அம்புக்குறியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் வேதிவினைகளின் வகைகள் பாடம் வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என ஐந்து பெயர், ஐந்து வரையறை, வகைக்கொரு எடுத்துக்காட்டு. எல்லாவற்றையும் உருப்போட்டு முடித்துவிடுவார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு வினையைக் கொடுத்து, ‘இது எந்த வகை, ஏன்?’ என்று கேட்டால் பேனா நின்றுவிடும். தமிழ் வழியில் படித்தபோது எனக்குக் கைகொடுத்த முறையை, இப்போது மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வகையின் பெயரை ஓரமாக வையுங்கள். வினையைக் குறியீடு இல்லாமல் சொல்லாலேயே எழுதி, அம்புக்குறிக்கு இரண்டு பக்கமும் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பல பொருள்கள் உள்ளே போய் ஒன்றே ஒன்று வெளியே வந்தால் சேர்க்கை. ஒன்று உள்ளே போய்ப் பலவாக வந்தால் சிதைவு. ஒரு தனிமமும் ஒரு சேர்மமும் போய், வேறொரு தனிமமும் வேறொரு சேர்மமும் வந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டு சேர்மங்கள் தங்கள் அயனிகளை, அதாவது மின்சுமை கொண்ட துகள்களை, மாற்றிக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி.

எரிதல் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஒரு பொருள் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து வெப்பத்தையும் ஒளியையும் தருகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. அதனால் மெக்னீசியம் நாடா எரிவது எரிதலும்தான், சேர்க்கையும்தான். மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடு, நீர் என்று இரண்டு பொருள்கள் வருவதால் அது எரிதல் மட்டும்தான், சேர்க்கை இல்லை. ஒரு வினைக்கு ஒரு வகைதான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்தப் பாடத்துக்குச் சுண்ணாம்பை விட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து. காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி வரை சுடுகிறார்கள். கால்சியம் கார்பனேட் பிரிந்து கால்சியம் ஆக்ஸைடும் கார்பன் டை ஆக்ஸைடும் ஆகிறது. இது சிதைவு, அதிலும் வெப்பச் சிதைவு. தூய கல் 100 கிலோ என்றால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுங்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, தள்ளி நின்று. புஸ்ஸென்று ஆவி கிளம்பும், கட்டிகள் வெடித்து மாவாகும், பாத்திரம் தொட முடியாதபடி சுடும். இரண்டு சேர்ந்து ஒன்றானது, கால்சியம் ஹைட்ராக்ஸைடு. இது சேர்க்கை வினை, வெப்பம் உமிழ் வினையும்கூட.

அதைச் சுவரில் அடித்த அன்று மங்கலாகத்தான் இருக்கும். சில நாளில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது, நீர் வெளியேறுகிறது, சுவர் பளிச்சென்று ஆகிறது. இந்த மூன்றாவது வினை எந்த வகை? நான்கு வகையில் எதிலும் நேராகப் பொருந்தாது. அமிலத் தன்மையுள்ள ஆக்ஸைடு ஒரு காரத்தோடு சேர்ந்து உப்பும் நீரும் தருவதால், நடுநிலையாக்கலுக்குப் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். வகைகள் நம் வசதிக்காக உண்டானவை என்று இந்தச் சுவர் எனக்குப் புரியவைத்தது.

ஒற்றை இடப்பெயர்ச்சியில் வகையைக் கண்டுபிடிப்பது சுலபம். வினை நடக்குமா என்பதுதான் முக்கியமான கேள்வி. உப்புத்தாள் கொண்டு தேய்த்த இரும்பு ஆணியை நூலில் கட்டி, காப்பர் சல்பேட் கரைசலில் தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆணியின் மேல் செம்பழுப்பாக ஒரு படிவு தெரியும். அதுதான் தாமிரம். கரைசலின் நீலம் மெல்ல வெளுத்து இளம்பச்சைக்கு வரும், அது ஃபெர்ரஸ் சல்பேட். ஃபெர்ரஸ் என்றால் இரும்பின் அயனியில் மின்சுமை இரண்டு, ஃபெர்ரிக் என்றால் மூன்று. தேர்வில் இதை ஃபெர்ரிக் என்று எழுதிவிடாதீர்கள். இப்போது திருப்பிச் செய்யுங்கள். ஃபெர்ரஸ் சல்பேட்டில் தாமிரக் கம்பியை வைத்தால் ஒன்றுமே நடக்காது. அதே கம்பியைச் சில்வர் நைட்ரேட்டில் வைத்தால் மேலே வெள்ளி ஊசி ஊசியாகப் படிந்து, கரைசல் நீலமாகும். வினைதிறன் வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதைச் சேர்மத்திலிருந்து வெளியேற்றும், கீழே இருப்பதால் மேலே இருப்பதை அசைக்க முடியாது. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, காரீயம், ஹைட்ரஜன், தாமிரம், வெள்ளி, தங்கம். இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்தே ஆக வேண்டியது என்றால் இந்த வரிசைதான்.

இரட்டை இடப்பெயர்ச்சிக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. அயனிகள் இடம் மாறியபின் ஏதாவது ஒன்று கரைசலை விட்டு விலகுகிறதா? லெட் நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு இரண்டு கரைசலும் தண்ணீர் போல நிறமற்றவை. கலந்ததும் பளீரென்ற மஞ்சளில் லெட் அயோடைடு வீழ்படிவாகும், அதாவது கரையாத திடப்பொருளாக அடியில் தங்கும். (லெட் என்பது காரீயம், அது நச்சு, கையைக் கழுவ மறக்காதீர்கள்.) அமிலமும் காரமும் சேர்ந்தால் ஹைட்ரஜன், ஹைட்ராக்ஸைடு அயனிகள் நீராகிவிடும். சோடியம் குளோரைடு கரைசலோடு பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைக் கலந்தாலோ நான்கு அயனிகளும் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். தாளில் அம்புக்குறி போடலாம், குடுவையில் வினை இல்லை.

சிதைவு வினைக்கு, உடைக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் போதும். சுண்ணாம்புக்கல்லுக்கு வெப்பம், நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்க மின்சாரம், சில்வர் புரோமைடைச் சாம்பல் நிறமாக்க ஒளி.

விடைத்தாளில் நான் வற்புறுத்துவது மூன்று விஷயம். சமன்பாட்டைச் சமன் செய்தபின் திட, திரவ, வாயு, நீர்க்கரைசல் நிலைகளையும் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்தையோ வாயுவையோ ஒரு வரி எழுதுங்கள். ‘ஏன்’ என்று கேட்டிருந்தால் வரையறையை மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்த வினையில் எது எதை வெளியேற்றியது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

சரி, ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டு, பேரியம் குளோரைடு கரைசலோடு சோடியம் சல்பேட் கரைசல், சூடாக்கிய லெட் நைட்ரேட், காப்பர் சல்பேட் கரைசலில் வெள்ளிக் கம்பி. நான்குக்கும் வகை, சமன்பாடு, கண்ணுக்குத் தெரிவது மூன்றையும் எழுதிப் பாருங்கள். இவற்றில் ஒன்று நடக்காது. எது, ஏன் என்று புத்தகத்தைப் புரட்டாமல் எழுதிவிட்டால், மீள் வினை, மீளா வினைப் பகுதிக்குத் தைரியமாகப் போகலாம்.