அட்டைத் துண்டில் இருந்த சி ஷிஃப்ட்

பெங்களூரு பீன்யாவில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மென்பொருள் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே 25 மி.மீ. ஷாஃப்டை, அதாவது உருளைத் தண்டை, சுழலும் கல்லில் கிரைண்டிங் செய்வார்கள். விட்டம் 24.987க்கும் 25.000க்கும் நடுவே இருக்க வேண்டும். ஆடி அசைய 13 மைக்ரான்தான் இடம்; ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியே இதைவிடப் பல மடங்கு தடிமன்.

மென்பொருளில் முன்பு ஒரு ஆர்டருக்கு ஒரு சோதனைதான். மூவாயிரம் ஷாஃப்ட் கொண்ட ஆர்டர் மூன்று நாள் ஓடும். முதல் நாள் காலை ஐந்து பீஸ் அளந்து பதிந்தால் கணக்கு தீர்ந்தது. மிச்சமுள்ள எட்டு ஷிஃப்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெரிதாகிப்போன பீஸ்கள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சாம்பிள் என்ற பேச்சே வந்தது.

திட்டம் எளிது. ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் பீஸ். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வந்த ஐந்து பீஸ். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கக் கூடாது. 1924இல் அமெரிக்கப் பொறியாளர் வால்ட்டர் ஷூஹார்ட், அளவுகளின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தைப் போட்டுக் காட்டிய காலத்திலிருந்து வரும் யோசனை இது. ஐந்துக்குள் தெரியும் வித்தியாசம் மெஷினின் இயல்பு. இந்த ஐந்துக்கும் அடுத்த ஐந்துக்கும் நடுவே தெரிவதுதான் நமக்கு வேண்டிய சேதி: கல் தேய்ந்ததா, ஆள் மாறினாரா, செட்டிங் நகர்ந்ததா.

முதல் அடி நள்ளிரவில் விழுந்தது. சி ஷிஃப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை. ‘தொடக்கத்துக்குப் பின், முடிவுக்கு முன்’ என்று நான் எழுதிய நிபந்தனையில் அதிகாலை 2 மணி எந்த ஷிஃப்டிலும் சேரவில்லை. அதைச் சரிசெய்ததும் பாதி இரவு மறுநாள் தேதியில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். டைம் ஆபீஸில் இருந்த கேஜிஎஃப் தமிழர்தான் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “பன்னெண்டு மணிக்கு மேல செஞ்ச வேலையும் நேத்துக் கணக்குதான் சார்.” 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 57ஆவது பிரிவு அதைத்தான் சொன்னது. காலண்டர் தேதிக்குப் பக்கத்தில் ‘ஷிஃப்ட் தேதி’ என்று இன்னொரு கட்டம் வைத்தேன், தீர்ந்தது.

மெஷின் நின்றிருக்கும்போதும் மென்பொருள் சாம்பிள் கேட்டது இன்னொரு கூத்து. உற்பத்தி எண்ணிக்கை ஏறினால் மட்டும் கேட்கும்படி மாற்றினேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏ, பி ஷிஃப்டுகளின் கோடு மேலும் கீழும் அலைந்தது. சி ஷிஃப்ட் மட்டும் தங்கம்: 24.994, 24.994, 24.994. தரப்பிரிவு மேலாளர் மீட்டிங்கில் இரவு ஆட்களைப் பாராட்டினார். நானும் தலையாட்டினேன். ஆனால் உறுத்தியது. பதிவான நேரத்தை டேபிளில் தேடிப் பார்த்தால், ஒரு இரவின் 16 அளவுகளும் 5.40க்கும் 5.44க்கும் இடையே ஏறியிருந்தன.

ஒரு நாள் இரவு சாப்பாட்டை முடித்துவிட்டு ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, சி ஷிஃப்டில் போய் உட்கார்ந்தேன். மூன்று லைனுக்கும் சேர்த்து ஒரே இன்ஸ்பெக்டர், ஓசூர்க்காரர். கம்ப்யூட்டர் ஷெட்டின் அந்தக் கோடியில். பன்னிரண்டு மணிக்கு ஐந்து ஷாஃப்டை எடுத்து இரும்புப் பலகையில் வரிசையாக வைத்தார். மைக்ரோமீட்டரைத் தொடவில்லை.

“அளக்கலையா அண்ணே?”

“சூடு ஆறட்டும் தம்பி. இப்ப அளந்தா பெருசா காட்டும்.”

உண்மைதான். 25 மி.மீ. இரும்பு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மைக்ரான் பெருக்கும். இருக்கிற 13இல் 3 போய்விடும். ஆறியதும் ஒவ்வொன்றாக அளந்து, அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த துண்டில் பென்சிலால் எழுதினார். 24.992, 24.991, 24.993. இரண்டு மணிக்கு 24.995, 24.996. நான்கு மணிக்கு ஒன்று 24.999ஐத் தொட்டது. பக்கத்தில் ‘கல் டிரெஸ்’ என்று எழுதி வைத்துவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிட்டார். கல்லைத் தீட்டிய பிறகு வந்த பீஸ் 24.991.

கல் தேயத் தேய விட்டம் ஏறுவதும் தீட்டியதும் இறங்குவதும் அந்த அட்டையில் அப்படியே இருந்தது. 5.40க்கு அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் அளவை அடித்தார்: 24.994. அப்புறம் எண்டர், எண்டர், எண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய எண் தானாக வந்து விழுந்தது.

“என்ன அண்ணே, அட்டையில வேற இருக்கே?”

“நீங்கதானே தம்பி எண்டர் தட்டினா போதும்னு சொல்லிக் குடுத்தீங்க?”

நான்தான். தட்டச்சு மிச்சமாகட்டும் என்று அந்த வசதியை ஆசையாகச் சேர்த்ததும் நான்தான்.

அந்த வாரமே அதை எடுத்துவிட்டேன். மெஷின் பக்கத்தில் ஒரு டேப்லெட் வைக்க வைத்தேன். மைக்ரோமீட்டரையே நேராக இணைக்கக் கேட்டதற்கு பட்ஜெட் இல்லை என்றார்கள். அடுத்த மாதம் மேலாளர் போன் செய்தார்: “சி ஷிஃப்ட் நல்லாத்தானே போயிட்டிருந்தது, திடீர்னு என்ன ஆச்சு?”

போனில் வைத்திருந்த அட்டைத் துண்டின் படத்தை அவருக்கு அனுப்பினேன்.