கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊரின் பழைய கதைகளைச் சேர்க்க ஆரம்பித்தோம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனதும் வேதாரண்யம் பக்கத்தில் எத்தனை தென்னை சாய்ந்தது, எத்தனை கூரை பறந்தது என்று அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். எந்தக் கணக்கிலும் ஏறாமல் போனது ஒன்று உண்டு. சுவரில் மாட்டியிருந்த போட்டோ, டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரம், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு. ஓடு பறந்த வீட்டில் மழை நேராக உள்ளே இறங்கியது. பல வீடுகளில் ஈர ஆல்பத்தை வெயிலில் காயவைத்து அப்புறம் பிரித்தார்கள், தாளோடு முகமும் சேர்ந்து உரிந்து வந்தது. (இனி யாருக்காவது இப்படி ஆனால்: காய விடாதீர்கள், ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் போட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரிகிற மாதிரி நிழலில் காற்றாடப் போடுங்கள்.) தாத்தாவின் ஒரே போட்டோவை இழந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அந்த வருத்தத்தில்தான் நாங்கள் சிலர் சேர்ந்தோம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, மொபைல் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், நான். காகிதம் போனாலும் மனுசர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கேட்டு வைப்போம் என்பதுதான் எண்ணம்.

பெரியவர்களிடம் போய் "நம்ம ஊர் வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் 1930 உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போய்விடுவார்கள். அதில் தப்பில்லை, இந்த மண்ணின் பெருமை அது. ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு கிளம்பி 28-இல் வேதாரண்யம் வந்ததும், 30-இல் உப்பு அள்ளிக் கைதானதும், வேதரத்தினம் பிள்ளை முன்னால் நின்று எல்லாவற்றையும் கவனித்ததும், போலீஸ்காரருக்குச் சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜெயிலுக்குப் போன வைரப்பனும் இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது, நினைவுச் சின்னமும் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது எழுதப்படாதது. அதைக் கேட்டால் "எங்கிட்ட என்ன தம்பி இருக்கு, நான் உப்பளத்துல வேல பாத்தவ, படிச்சவங்களப் போய்க் கேளுங்க" என்று முடித்துவிடுவார்கள்.

வழி திறந்தது கேள்வியை மாற்றியபோதுதான். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்ததும், ஜனங்கள் சோற்றை மூட்டை கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டதும் பதிவில் இருக்கிறது இல்லையா, அதை எடுத்துச் சொல்லிவிட்டு "அவ்வளவு பேருக்கு ஆக்கணும்னா அந்தக் காலத்துல எந்த ஏனத்துல ஆக்குவாங்க, அரிசி எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டோம். அவ்வளவுதான், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டார்கள். குதிர், நெல் அவிக்கிற அண்டா, உரல், யார் வீட்டில் எத்தனை பேர் குத்தினார்கள், கூலியாக எவ்வளவு நெல் அளந்தார்கள் என்று அது 1930-ஐத் தாண்டி எங்கெங்கோ போயிற்று. அன்றிலிருந்து நாங்கள் வேலையையும் பொருளையும் பற்றித்தான் கேட்கிறோம். உப்புப் பாத்தியில் காலில் என்ன போட்டுக்கொள்வீர்கள்? புகையிலையை எங்கே போட்டுப் பதப்படுத்தினீர்கள்? குடிதண்ணீர் எங்கே எடுத்தீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்வி பெரிய கேள்வி. கடைமடை ஊர், கடலும் பக்கம், நல்ல தண்ணீர் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி மேலத்தெருவில் "எல்லாரும் ஒத்துமையா எடுத்தோம்" என்று சொன்னார்கள். காலனியில் அதே வயதுள்ள ஒரு அம்மா, "நாங்க கரையில நின்னு கொடத்த நீட்டுவோம், அவங்க பாத்து ஊத்தினாத்தான்" என்றார். இரண்டையும் கூட்டத்தில் படித்தபோது சத்தம் வந்தது. இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார்கள், "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றார்கள். நாங்கள் எடுக்கவில்லை. இரண்டும் அப்படியே இருக்கின்றன, சொன்னவரின் தெருவும் பிறந்த வருஷமும் பக்கத்தில் இருக்கிறது. இதில் மட்டும் நாங்கள் யாருக்காகவும் இறங்கவில்லை. இரண்டையும் கலந்து நடுவாக ஒரு கதை எழுதியிருந்தால் அது யார் பார்த்த குளமாகவும் இருக்காது.

அடுத்த சிக்கல் தேதி. "அது பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்பார்கள். இந்தக் கரையில் எந்தப் புயல் என்று கேட்காமல் அதை எழுத முடியாது. 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறியதைக் கண்டுபிடிப்பது சுலபம், அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு வந்த புயல் அது, "பலகாரம்கூடத் தீரல" என்று யாராவது சொன்னால் 77 என்று குறித்துக்கொள்ளலாம். 1952-உம் 1955-உம்தான் ஆளைக் குழப்பும். இரண்டும் நவம்பர் கடைசியில், கார்த்திகை நடுவில் வந்தவை. பஞ்சாங்கப் பெயர் ஞாபகம் இருந்தால் தீர்ந்தது, 52 நந்தன வருஷம், 55 மன்மத வருஷம். இல்லாவிட்டால் அரசியலைக் கேட்போம்: அப்போது முதலமைச்சர் ராஜாஜியா, காமராஜரா? ராஜாஜி 1954 ஏப்ரலில்தான் இறங்கினார், ஆகவே காமராஜர் என்று வந்தால் 55. காலனிப் பக்கம் இன்னும் நல்ல அடையாளம் கிடைத்தது, பண்ணையில் வேலை பார்த்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்த பண்ணையாள் சட்டம். அது 1952 ஆகஸ்டில் அவசரச் சட்டமாக வந்தது, நந்தன வருஷப் புயலுக்குச் சில மாதம் முன்னால். "சட்டம் வந்த மறு அறுப்புக்குள்ள புயல்" என்று ஒரு பெரியவர் சொன்னபோது எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு அப்பாயி தன் மூத்த மகளை மடியில் வைத்துக்கொண்டு புயலுக்குக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியதைச் சொன்னார். மகளின் அடையாள அட்டையில் 1952. ஆனால் அப்பாயி தெளிவாக "காமராசர் வந்துட்டாரு தம்பி, பச்சப் புள்ள, தல நிக்கல" என்கிறார். எழுபது வயதாகும் மகளுக்கு மூன்று வருஷம் குறைந்துவிட்டதில் வீடே சிரித்தது. அட்டையில் இருப்பதைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

தப்பிப் பிழைத்த காகிதங்கள் இந்த இடத்தில் கைகொடுத்தன. கல்யாணப் பத்திரிகையை யாரும் சரித்திரமாக நினைப்பதில்லை, ஆனால் முகவரியைப் பாருங்கள். தஞ்சாவூர் மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1991-க்கு முந்தியது, அந்த வருஷம்தான் நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது. பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தியது. மொய் நோட்டில் அணாவில் எழுதியிருந்தால் நயா பைசா வந்த 1957-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ இருக்கும். மொய் நோட்டில் இன்னொரு வசதி, ஆள் பெயரோடு ஊர்ப் பெயரும் இருக்கும், எந்த ஊரோடு கொண்டான் கொடுத்தான் இருந்தது என்பது வரிசையாகக் கிடைத்துவிடும். பழைய பத்திரங்களில் செக்குபந்தியைத் தவறாமல் படியுங்கள். கிழக்கே இன்ன வாய்க்கால், வடக்கே இன்னார் புகையிலைக் கொல்லை என்று நான்கு பக்கமும் எழுதியிருப்பார்கள். இன்று ரோடாகவும் பிளாட்டாகவும் இருக்கிற இரண்டு வாய்க்கால்களின் பெயர் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

போட்டோக்களை யார் வீட்டிலிருந்தும் நாங்கள் வெளியே எடுத்துப் போகவில்லை. சின்ன ஸ்கேனரையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனோம். முதுகுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை, யாரோ கிறுக்கிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் வாரம் ஒரு படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இதில் யார் யார்?" என்று கேட்டோம். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பதில் வந்தது, சண்டையும் வந்தது, மூன்றாவது ஆள் என் சித்தப்பா இல்லை உன் மாமா என்று. அந்தச் சண்டையையும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பேச்சைப் பதிவு செய்ய வீடியோ வேண்டாம் என்பது என் அனுபவம். கேமராவைப் பார்த்ததும் மேடைத் தமிழ் வந்துவிடுகிறது. போனைப் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் எடுத்தால் போதும். கூட்டமாகப் பேசும்போது ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார், ஆனால் ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை. அதனால் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு, சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியையும் அந்தப் பிள்ளைகளும் மட்டும் போனார்கள். எங்களிடம் இருப்பதில் நல்ல பதிவுகள் பாதி அங்கே கிடைத்தவை. "இதப் போடாத கண்ணு" என்று சொன்னதை எல்லாம் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம், அவர்கள் சொல்லாமல் அது வெளியே போகாது.

நடுவில் கொரோனா வந்தது. பட்டியலில் பெயர் எழுதி வைத்து, இன்னும் போய்ப் பார்க்காமல் இருந்த சிலர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போவது என்று வைத்துக்கொண்டோம், கதை சுவாரசியமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

2004-இல் நின்ற திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி ரயில் 2023 ஏப்ரலில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, பழைய மீட்டர்கேஜ் வண்டியில் உப்பு ஏற்றியவர்களையும் பள்ளிக்கூடம் போனவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசவிட்டோம். அந்த ஒரு சாயங்காலப் பதிவை எழுத்தாக்கும் வேலையே இன்னும் முடியவில்லை. பேச்சு வழக்கை மாற்றாமல் கேட்டுக் கேட்டு எழுதுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது, தட்டச்சு தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் நல்லது.

இப்போதைக்கு எல்லாம் மூன்று இடத்தில் இருக்கிறது: ஆசிரியை வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று, சென்னையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒன்று. ஒரே புயலில் மூன்றும் போகக் கூடாது என்பதற்காகத்தான் ஒன்று கட்டாயம் வெளியூரில். வாய்க்கால்களும் குளங்களும் பழைய பெயரோடு வருகிற மாதிரி ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அது முடிந்ததும் அச்செடுத்துக் கிளை நூலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்போம். அதற்குள் கீழத்தெருவில் இன்னும் திறக்காத டிரங்குப் பெட்டிகளைப் பார்த்துவிட வேண்டும், அடுத்த மழைக்கு முன்னால்.