உப்பு சரியாக இருக்கிறதா?

மெல்பர்னின் வடக்குப் புறநகர் ஒன்றில், முன்வாசலில் எலுமிச்சை மரமும் பக்கவாட்டில் திராட்சைப் பந்தலுமாக நின்ற ஒரு செங்கல் வீட்டின் முன்னால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை முற்பகலில், நான் சூடான உணவுப் பெட்டியுடன் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்த மூதாட்டிக்கு வயது 91. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் கறுப்பு உடையை விடாதவர். முதியோருக்கான உணவுக்கு அவருடைய பெயரைப் பதிவு செய்தது மகள்; அதை அம்மாவிடம் சொல்லத் துணியவில்லை என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. பெட்டியைப் பார்த்ததும் மூதாட்டியின் முகம் இறுகியது. "எனக்கு எதற்கு இது? இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.

என்னுடன் வந்திருந்த சக தன்னார்வலர் 76 வயதான இத்தாலியப் பெண்மணி. தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெட்டியை நீட்டவே இல்லை. "சிஞ்ஞோரா, எங்கள் சமையலறையில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். வடக்கே வெனெத்தோ பக்கத்து ஆள். நம் பக்கத்துச் சமையலுக்கு எவ்வளவு உப்புப் போடவேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நீங்கள் கொஞ்சம் ருசி பார்த்துச் சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்றார். மூதாட்டி தெற்கே சிசிலித் தீவுக்காரர். கதவு பாதியில் நின்றது. "வெனெத்தோக்காரர்களுக்கு உப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டபடியே பெட்டியை வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும், அப்படி ஒருவர் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறாரா என்று விசாரித்தேன். "நம் சமையற்காரியும் சிசிலிதான். இனி வியாழக்கிழமைகளில் மட்டும் அவள் வெனெத்தோக்காரி" என்றார் அவர், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

முதியோர் வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லும் இந்தச் சிறு குழுவில் நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை எனக்கு விடுமுறை; கார் ஓட்டத் தெரிந்தவர் தேவை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்; காவல்துறைச் சான்று பெற்றுக் கொடுத்தேன்; அவ்வளவுதான். வண்டி ஓட்டுவதும் பெட்டி சுமப்பதும்தான் வேலை என்று நினைத்திருந்த எனக்கு, பெட்டியை அவர்கள் வாங்கிக்கொள்ளும்படி செய்வதுதான் உண்மையான வேலை என்பது அந்த வாசலில்தான் புரிந்தது.

அந்த மூதாட்டி 1950களில், பார்த்தே இராத நாட்டுக்கு, ஓரிரு புகைப்படங்களில் மட்டும் பார்த்திருந்த கணவரிடம் கப்பலேறி வந்தவர். மாப்பிள்ளை மெல்பர்னில் இருக்க, ஊர்த் தேவாலயத்தில் மாப்பிள்ளையின் இடத்தில் அவருடைய சகோதரர் நின்று திருமணம் நடந்தது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த இத்தாலியப் பெண்களில் பலர் இப்படிப் பதிலாள் வைத்து மணம் முடித்து வந்தவர்கள்தாம். 1951இல் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் பயண உதவிக்கான ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு குடியேற்றம் பெருகியது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் எல்லையோரத்தில் இருந்த பொனகில்லா குடியேறிகள் முகாமில், வேலை தருவதாகச் சொல்லி அழைத்து வந்து வேலையின்றி உட்காரவைத்ததை எதிர்த்து 1952இல் இத்தாலியர்கள் போராடினார்கள். அந்த முகாமில் இருந்த முதியவர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். அங்கே வேளை தவறாமல் போட்ட ஆட்டிறைச்சியின் வாடையைப் பற்றிக் கேட்டால் கால் மணி நேரம் பேசுவார்.

1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இத்தாலியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள் 2,89,476 பேர். 2021இல் அந்த எண்ணிக்கை சுமார் 1,63,000 ஆகக் குறைந்துவிட்டது. இத்தாலிய வம்சாவளியினர் என்று தங்களைக் குறிப்பிடுவோர் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள்; ஆனால் கப்பலில் வந்த தலைமுறை ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. எஞ்சியிருப்பவர்களில் பெண்களே அதிகம். பகலெல்லாம் மெல்பர்னின் பிரன்ஸ்விக், கோபர்க் பகுதி நெசவாலைகளில் நின்று வேலை செய்துவிட்டு, மாலையில் கணவர், பிள்ளைகள், ஊரிலிருந்து புதிதாக வந்து தங்கியிருந்த உறவினர்கள் என எட்டுப் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டவர்கள் இவர்கள். பலருடைய கார் ஷெட்டில் இன்னமும் இரண்டாவது அடுப்பு இருக்கிறது. கோடையில் குடும்பமே கூடித் தக்காளிச் சாறு காய்ச்சிப் புட்டிகளில் அடைத்த பெரிய அண்டா மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. அவர்களுக்குச் சமையல் மறந்துபோகவில்லை. அண்டாவைத் தூக்கக் கை வலுவில்லை, அடுப்பின் முன் அரை மணி நேரம் நிற்கக் காலில் தெம்பில்லை. வாழ்நாள் முழுவதும் பிறருக்கு உணவிட்ட கை, இப்போது வாசலில் நீட்டிப் பெறவேண்டும் என்றால் கூசத்தான் செய்யும். ஊரில் என் அப்பத்தாவும் கடைசி வரை, யார் வீட்டுக்குப் போனாலும் "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதி நாள் அது பொய்.

முதியோருக்கு உணவு கொண்டுபோகும் ஏற்பாடு இந்த நாட்டுக்குப் புதியதல்ல. சிறுவயது விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்த டோரிஸ் டெய்லர் என்ற பெண்மணி தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' அமைப்பு, 1954இல் போர்ட் அடிலெய்டில் தன் முதல் சமையலறையைத் திறந்தது. 1970இல் இத்தகைய உணவுக்கு அரசு மானியம் வழங்கத் தனிச் சட்டமே வந்தது. இன்றும் செலவில் ஒரு பகுதியை அரசும், ஒரு சிறு தொகையை உண்பவரும் தருகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பெட்டிக்குள் இருந்தது பெரும்பாலும் வாட்டிய இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி. அது ஆங்கிலேயர் நாவுக்கு ஏற்ற பெட்டி. எங்கள் வட்டத்து மூதாட்டிகள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். நன்றி சொல்லி வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு, ரொட்டியும் பாலும் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து குளிர்பெட்டியைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். 1968இல் மெல்பர்னில் தொடங்கப்பட்ட 'கோ.ஆஸ்.இத்.' போன்ற பெரிய அமைப்புகள் இத்தாலிய மொழி பேசும் பணியாளர்களைக் கொண்டு முதியோருக்கு வீட்டிலேயே உதவி செய்து வருகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் எங்களுடைய குழு ஒரு கூட்டத்து மண்டபத்தின் பின்கட்டுச் சமையலறை மட்டுமே. அடுப்பு காலை ஆறரைக்குப் பற்றவைக்கப்படும். பதினொன்றேகாலுக்கு வண்டிகள் கிளம்பும். என் வட்டத்தில் பதினான்கு வீடுகள்.

சமையலறையில் எந்நாளும் சர்ச்சைக்கு உரியது பாஸ்தா. கடித்தால் நடுவில் சற்றே விறைப்பு தெரியும் பதத்தில் அதை இறக்கவேண்டும் என்பது அங்கே விவாதத்துக்கு அப்பாற்பட்ட விதி. அந்தப் பதத்தில் இறக்கிச் சாறு ஊற்றி மூடிய பாஸ்தா, பெட்டியின் சூட்டில் வெந்துகொண்டே போய், பதினான்காவது வீட்டை அடையும்போது குழைந்துவிடும். குழைந்த பாஸ்தாவுக்கு அவர்கள் 'ஸ்கோத்தா' என்று பெயர் சொல்லும் தொனியில் ஏறத்தாழ ஓர் ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்கும் கடுமை இருக்கும். உணவின் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும் வெப்பமானியைக் குத்திப் பார்த்து எழுதிவைக்கிறோம். சூடு நின்றால் பதம் போகிறது, பதம் நின்றால் சூடு போகிறது. ஆகவே நீளப் பாஸ்தா பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. அடுக்கி வேகவைக்கும் லசாஞ்ஞா தாக்குப்பிடிக்கும். பீன்சுடன் சேர்த்துக் கூழ் போலச் சமைக்கும் 'பாஸ்தா எ ஃபஜோலி' குழைந்தால்தான் ருசி. உடல்நலம் குன்றியவர்களுக்கான கோழிக் குழம்புநீரில் போடும் மணி மணியான 'பஸ்தீனா'வை மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்துத் தருகிறோம், வீட்டில் ஊற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. தேவாலயம் இப்போது அவ்வளவு கண்டிப்பாக இல்லாவிட்டாலும் இவர்கள் கண்டிப்பானவர்கள். ஒருமுறை பட்டியல் போட்டவர் கவனக்குறைவாக வெள்ளிக்கிழமைக்கு இறைச்சி உருண்டைகளை எழுதிவிட, அன்றைய பெட்டிகள் சனிக்கிழமை மதியம்தான் திறக்கப்பட்டனவாம்.

மொழி இன்னொரு சிக்கல். எனக்குத் தெரிந்த இத்தாலியம் ஐம்பது அறுபது சொற்கள். ஆனால் அந்த மொழியில் தேர்ச்சி பெற்றிருந்தாலும் எனக்கு முழுதாக உதவியிருக்காது என்று நினைக்கிறேன். ஏனெனில் அவர்களில் பலர் பள்ளியில் ஓரிரு ஆண்டுகளே படித்து, வீட்டில் சிசிலியமோ கலாப்ரியத்து வழக்கோ பேசி வளர்ந்து, இங்கே வந்தபின் ஆங்கிலச் சொற்களை இத்தாலியமாக்கிப் புழங்கியவர்கள். வேலிக்கு 'ஃபென்ஸா', காருக்கு 'கார்ரோ'. அந்த 91 வயது மூதாட்டி ஒருநாள், தாம் இருபது ஆண்டுகள் 'ஃபத்தோரியா'வில் வேலை செய்ததாகச் சொன்னார். கைப்பேசியில் தேடினேன், பண்ணை என்று வந்தது. மாடுகள் இருந்தனவா, கோழிகள் இருந்தனவா என்று நான் அக்கறையாகக் கேட்கக் கேட்க, அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அவர் சொன்னது பிரன்ஸ்விக்கின் நெசவாலையை. ஆங்கில ஃபேக்டரியைத்தான் இங்குள்ள இத்தாலியர்கள் ஃபத்தோரியா என்று ஆக்கிவிட்டார்கள். உண்மையான பண்ணைக்கு ஃபார்மிலிருந்து 'ஃபார்மா' என்று வேறு சொல் செய்துகொண்டார்கள். முதுமறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் கழன்றுவிடுகிறது. ஊர்ப்பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. என் சக தன்னார்வலர் அவர்களிடம் இன்றைய இத்தாலியத்தின் மரியாதைச் சொல்லான 'லெயி'யைப் பயன்படுத்துவதில்லை. தென்னித்தாலியின் பழைய 'வோய்' சொல்லி அழைக்கிறார். அந்த ஒரு சொல்லில் அவர்களுடைய தோள் தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். சேர்ந்த மூன்றாவது மாதம், சக தன்னார்வலர் வராத ஒருநாளில், பட்டியலின் பதினோராவது வீட்டில் மணியடித்தேன். பதில் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். பயிற்சியில் அவர்கள் முதலில் சொல்லித்தந்தது, உணவை ஒருபோதும் வாசலில் விட்டுவிட்டு வரக்கூடாது என்பதுதான். கதவு திறக்கவில்லை என்றால் பின்பக்கம் போய்ப் பார்க்கவேண்டும், சன்னலைத் தட்டவேண்டும், அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும். அவர்கள் பிள்ளைகளை அழைப்பார்கள். பிள்ளைகளும் கிடைக்காவிட்டால் காவல்துறை. அந்த வீட்டு முதியவர் அப்போது கொல்லையில், அகல அவரைச் செடிகளுக்கு நடுவே விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாகத் தற்செயலாகப் பார்த்து ஆம்புலன்சை அழைத்தார். எலும்பு முறிவு இல்லை; நனைந்ததில் சளி பிடித்ததோடு போயிற்று. ஒருங்கிணைப்பாளர் என்னைத் திட்டவில்லை. என்னையே அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்று, வாசலிலிருந்து அவரைச் செடி வரை எத்தனை அடி என்று நடந்து பார்க்கச் சொன்னார். முப்பத்தொன்று.

எங்கள் தன்னார்வலர்களில் என்னைத் தவிர அறுபது வயதுக்குக் கீழே இருவர்தான். எழுபதைத் தாண்டியவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கு உணவு சுமக்கிறார்கள். சென்ற ஆண்டு வரை வண்டியில் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு இந்த ஆண்டு நாங்கள் பெட்டி கொண்டுபோகிறோம். பேரப்பிள்ளைகளுக்கு மனமில்லாமல் இல்லை. வேலைநாளின் நடுப்பகலில் யாருக்கு ஓய்வு கிடைக்கும்? ஆகவேதான் என்னைப் போன்ற வெளியாட்கள். வெளியாள் வந்தால் உணவு போய்ச் சேரும், 'வோய்' போய்ச் சேராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் ஊர்ப்பெயர்களையாவது மனப்பாடம் செய்துவருகிறேன். யார் எந்த ஊர், அந்த ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் என்ன பகை என்பது வரை.

அன்பளிப்பு எதையும் வாங்கக்கூடாது என்பது இன்னொரு விதி. இதை யாரும் மதிப்பதில்லை. எலுமிச்சை, அத்திப்பழம், ரோஸ்மேரிக் கொத்து என ஏதாவது ஒன்று காரில் ஏறாமல் நாங்கள் திரும்பியதில்லை. முதலில் மறுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் ஒரு வீட்டில் பெட்டியையே வாங்க மறுத்தார்கள். இப்போது நான் எலுமிச்சைகளை வாங்கிச் சமையலறையில் சேர்த்துவிடுகிறேன்; மறுவாரம் அவை மீனின் மேல் பிழியப்பட்டு அதே வீடுகளுக்குப் போகின்றன.

அந்த 91 வயது மூதாட்டிக்கு இப்போது 93. தூக்கி எறியவேண்டிய பெட்டியைக் கழுவித் துடைத்து, வியாழக்கிழமை பதினொன்றரைக்கே மேசை மேல் வைத்துக் காத்திருப்பார். சென்ற வாரத் தீர்ப்பு: இறைச்சி உருண்டையில் ரொட்டித்தூள் கூடுதல், பார்ஸ்லி குறைவு, உப்பு பரவாயில்லை. என் சக தன்னார்வலர் அதைக் கைப்பையில் இருக்கும் சிறு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். திரும்பும் வழியில் அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுக் குறிப்புகள், பக்கம் பக்கமாக. பல வரிகளின் ஓரத்தில், சமையற்காரியின் கையெழுத்தில், 'திருத்தியாயிற்று' என்று எழுதப்பட்டிருந்தது.